செஃப் ஒக்தாவின் மூக்கு

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள். இது வேட்டை முடிந்து மான்கறி வரும் காலம், எங்கள் சமையலறை ஓயாது. திங்கட்கிழமை ஒரு நாள்தான் எனக்கு நாற்காலியில் உட்காரக் கிடைக்கிறது.

செஃப் ஒக்தாவ் கிரிவெல்லின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதப் போவதாகவும், அவருக்குக் கீழே இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் என் நினைவுகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். ஆனால் அவர் இறந்த மறுநாள் லியோன் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அரைப் பக்கத்தில் மூன்று பிழைகள். மீன்கடை விலைப்பலகையில்கூட இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அவர் லியோனில் பிறந்தார் என்று போட்டிருந்தார்கள். இல்லை. ப்ரெஸ் பக்கம் கோழி வளர்க்கும் ஒரு பண்ணையில், 1957 நவம்பரில் பிறந்தார். பாரிஸில் தொழில் கற்றார் என்று போட்டிருந்தார்கள். பாரிஸில் ரயில் மாறியதைத் தவிர அவருக்கும் அந்த ஊருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடைசி நாட்களில் வாசனையும் ருசியும் தெரியாமல் போய்விட்டது என்று போட்டிருந்தார்கள். அதுவும் பிழை. நீங்களும் உங்கள் கடிதத்தில் அதையே கேட்டிருக்கிறீர்கள்: "அவருடைய மூக்கு மங்குவதை நீங்கள் முதலில் எப்போது கவனித்தீர்கள்?" இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. எனக்குப் பிழைகள் பிடிக்காது, அதிலும் செஃப் பெயரில் இருக்கும் பிழை பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பண்ணையில் அவருடைய அம்மா கோழிகளுக்குச் சோளமும் மோரும் கொடுத்து வளர்த்தார். ஆறு வயதில் செஃப் கண்ணை மூடிக்கொண்டு இறகை மோந்து பார்த்தே எந்தக் கோழி எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று சொல்வாராம். இதை அவரே சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், ஆகவே பாதியைக் கழித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு வயதில் பக்கத்து ஊர் விடுதியில் காய்கறி நறுக்கப் போனார். துலோன் துறைமுகத்தில் கடற்படை அதிகாரிகளுக்குச் சமைத்து ராணுவ சேவையை முடித்தார். பிறகு பதினொரு வருஷம் லண்டன். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு சின்ன உணவகம் வைத்து, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே விற்றுவிட்டு வந்துவிட்டார். காரணம் அவர் மனைவி மதாம் ஓதில். "இந்த ஊர் மழையைப் பொறுத்துக்கறேன், இந்த ஊர் ரொட்டியைப் பொறுத்துக்க முடியாது" என்று அவர் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டதாகக் கேள்வி. மதாம் லியோன்காரர், சொன்னால் செய்துவிடுவார்.

1990இல் சோன் ஆற்றங்கரையில் இப்போதிருக்கும் இடத்தைப் பிடித்தார்கள். முப்பத்திரண்டு இருக்கைகள். கூடம் மதாமுடையது, சமையலறை செஃபுடையது. நாங்கள் யாரும் அதை உணவகம் என்று சொல்வதில்லை, வீடு என்போம். பத்து வருஷத்தில் உணவக வழிகாட்டிப் புத்தகத்தில் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் நான் வந்தேன், வயது இருபத்துநான்கு.

வேலை கேட்டு வந்த அன்று செஃப் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி எலும்புச் சாற்றைக் கையில் கொடுத்து, "என்ன குறையுது?" என்றார். நான் ருசி பார்த்துவிட்டு, "ஒண்ணும் குறையலை, பிரிஞ்சி இலை ஒண்ணு கூடுதல்" என்றேன். அவர் பானைக்குள் கையைவிட்டு இலைகளை எண்ணினார். பிறகு இலை போட்டவனைத் திட்டினார். பிறகு என்னிடம், "காலைல எட்டு மணிக்கு வந்துடு. ஷூவாவது நல்லதாப் போட்டுட்டு வா, பிச்சைக்காரன் மாதிரி இருக்கே" என்றார். நான்கே வருஷத்தில் சாஸ் முழுக்க என் பொறுப்பு. அதற்கடுத்து அவருக்கு அடுத்த ஆள் நான்தான். மூக்கிலும் அவருக்கு அடுத்த மூக்கு என்னுடையது என்று அவரே வெளியாட்களிடம் சொல்வார். எனக்கு வேறு சொத்து எதுவும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு வாங்கவில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாஸும் செஃப் ருசி பார்க்காமல் தட்டுக்குப் போகாது. பார்த்துவிட்டுக் கரண்டியைப் பளிங்கு மேடையில் வைப்பார். குழி மேலே பார்த்து இருந்தால் அனுப்பலாம். கவிழ்ந்து இருந்தால் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். பேச்சே கிடையாது. கவிழ்ந்த கரண்டியைப் பார்த்துவிட்டு அழுத ஆண்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் இன்று நீஸ் நகரத்தில் பெரிய ஆள். என் கரண்டி பன்னிரண்டு வருஷமாகக் கவிழ்ந்ததில்லை.

2020 இலையுதிர் காலத்தில் உலகத்துக்கே வந்த அந்தக் காய்ச்சல் செஃபுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் வந்தது. இருவருக்கும் வாசனை போயிற்று. வீடு அரசாங்க உத்தரவால் மூடிக்கிடந்தது. தினமும் காலையில் போன் செய்து, "வந்துச்சா?" "இல்லை செஃப், உங்களுக்கு?" "மண்ணாங்கட்டி" என்று பேசிக்கொள்வோம். இருபத்துமூன்றாம் நாள் அவர் அழுதுகொண்டே கூப்பிட்டார்.

"ஃபிர்மான், காபிடா. காபி மணக்குதுடா."

என் கையிலும் காபி இருந்தது. சூடாக இருந்தது, கசந்தது. அவ்வளவுதான். சந்தோஷத்தில் அழுகிற மனிதரிடம் என்ன சொல்ல முடியும்? "எனக்கும் இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு செஃப்" என்றேன். நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்று வரை வரவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் கதவைத் திறந்தோம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் தெரியும். மற்றபடி ஆற்று இறாலும் நனைந்த அட்டைப்பெட்டியும் எனக்கு ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் எடைபோட்டுச் செய்தேன். கடிகாரம், தராசு, வெப்பமானி, வெண்ணெயின் நிறம், கொதிக்கும் சத்தம். மூக்கில்லாமல் சமைக்க முடியாது என்று சொல்கிறவர்கள் முயற்சி செய்து பார்க்காதவர்கள்.

முதல் நாள் மதியம் ஆற்று இறால் சாஸ். செஃப் கரண்டியை வாயில் வைத்தார், முகம் சுருங்கியது.

"அடி பிடிச்சிருக்கு."

"எது செஃப்?"

"எதுவா? உங்க மாமியார் வீட்டுச் சொத்து. சாஸ்தாண்டா. வெண்ணெய் கருகி வாசல் வரைக்கும் நாறுது, மூக்கு இருக்கா இல்லையா உனக்கு?"

சமையலறையில் இருந்த ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை மெதுவாகக் கரண்டியைக் கவிழ்க்கப் போனது. நான் சாஸை ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு செஃப்" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்க. காய்ச்சல் வந்தவங்களுக்குப் பல மாசம் கழிச்சுக்கூட இப்படி வருதாம். நல்ல வாசனையே கருகின மாதிரி தெரியுமாம். பேப்பர்ல படிச்சேன்."

இது உண்மைதான், பத்திரிகையில் போட்டிருந்தார்கள். செஃப் மறுபடி ருசி பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கரண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அந்தச் சாஸைப் பதினேழு பேர் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் இது புகையில் வாட்டியதா என்று கேட்டு அனுப்பினார். ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். போகும்போது கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு அடுத்த மூக்கு என்னுடையது என்ற அந்த ஒரு பேச்சு நிலைப்பதற்கு வேறு சில ஏற்பாடுகளும் தேவைப்பட்டன. தைம் இலை தூக்கலாக இருக்கிறது என்று செஃப் சொன்னால், அதில் தைம் போடவே இல்லையே என்பேன். பால் திரிந்துவிட்டது என்றார் ஒரு நாள். அவர் கண் முன்னால் ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்துக் காட்டினேன். பால் திரிந்துதான் இருந்தது, நாக்கில் புளித்தது. இருந்தும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்று எனக்கு அவர் மேல் ரொம்பப் பாசமாக இருந்தது.

ஜூலையில் ஆற்று மீன் ஒரு பெட்டி வந்தது. அது கெட்டுப்போய்விட்டது என்றார். இப்போதுதான் பிடித்தது என்றேன் நான். எனக்கு எப்படித் தெரியும்? செவுளைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் தெரிந்தது. அவர் என்னை நம்புகிறார் என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக முதல் துண்டை அவரே பொரித்துச் சாப்பிட்டார். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். மீதி மீனை நான் குப்பையில் போட்டுவிட்டேன், விருந்தாளிகள் விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. மூன்றாம் நாள் வெளிறிப்போய் வந்து, "மூக்குதான் போச்சுன்னு பார்த்தேன், வயிறும் சேர்ந்து போச்சுடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அக்டோபரில் ஒரு காலை, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, தன் மேல்சட்டைப் பையிலிருந்த ருசிக் கரண்டியை எடுத்து என் பையில் செருகினார். "இனிமே இவன் நாக்குதான் இந்த வீட்டு நாக்கு" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இல்லை. நான் பொய்யான ஆள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷமாக இதற்காகத்தானே நின்றேன்.

அடுத்த மார்ச்சில் வழிகாட்டிக்காரர்கள் நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். காரணம் எழுதுவதில்லை அவர்கள். செஃப் மறுபடி எல்லோரையும் கூப்பிட்டார். "தப்பு என்னோடது. இந்த மூக்கு போனதிலேருந்து வீடு போச்சு. ஃபிர்மான் மட்டும் இல்லைன்னா எப்பவோ பூட்டியிருப்போம். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு மேல்சட்டையின் முதல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. நடிப்பில்லை. என்னால் அதைத் துடைக்கவும் முடியவில்லை, கை முழுக்க மாவு.

அதன் பிறகு அவர் சாப்பிடுவதைக் குறைத்தார். எப்படியும் வீண்தானே என்பார். பதினான்கு கிலோ இறங்கிவிட்டார். மதிய வேலை முடிந்ததும் கொல்லையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். வாசனைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

"மழை பெஞ்ச மறுநாள் காளான் கூடை எப்படி மணக்கும், சொல்லுடா."

எனக்கும் ஞாபகத்திலிருந்துதான் சொல்ல முடியும். ஈர மண், பழைய மரம், கொஞ்சம் பாதாம் என்று சொல்லிக்கொண்டே போவேன். காலடியில் அன்று வந்த காளான் கூடை இருக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் அப்படியேதான் வருது. மனசு எப்படி ஏமாத்துது பாரு" என்பார். இந்த மாதிரி நாற்பது ஐம்பது மதியங்கள் இருக்கும். உங்கள் புத்தகத்தில் எங்கள் நட்பைப் பற்றி ஒரு பகுதி இருந்தால் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மதாம் ஓதில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. அந்த நவம்பரில் செஃபைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு மூக்கு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியர் வாசனை தோய்த்த பன்னிரண்டு குச்சிகளை ஒவ்வொன்றாக நீட்டி வாசனை சொல்லச் சொன்னாராம். செஃப் சொன்னார். வைத்தியர் எழுதிக்கொண்டு, முடிவு தபாலில் வரும் என்றார். செஃப் என்னிடம், "தேறமாட்டேன்னு தெரியும், அவ மனசுக்காகப் போனேன்" என்றார்.

தபால் சனிக்கிழமை வந்தது. மதாம் அதை மறைத்துக்கொண்டு, மதிய வேலை முடிந்ததும் சமையலறைக்கு வந்தார். செஃப் மாடியில் படுத்திருந்தார்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு, ஃபிர்மான்! ஒண்ணுகூடத் தப்பில்லையாம். இந்த வயசுல இப்படி ஒரு மூக்கைப் பார்த்ததே இல்லைன்னு டாக்டர் கையால எழுதியிருக்கார்." என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "அப்போ இந்த ஒன்றரை வருஷமா இந்த மனுஷனுக்கு என்னதான் ஆச்சு?"

"பயந்துட்டார் மதாம்" என்றேன். "பயம் எதையும் செய்யும்."

"அவர் காதுல போட்டுடாதே. திங்கக்கிழமை அறுபத்தஞ்சு முடியுது. அன்னைக்கு வீடு மூடல்தானே, மத்தியானம் நாம மூணு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். நீ ஆற்று இறால் சாஸ் பண்ணு. பழையபடி அவர் ருசி பார்க்கட்டும். அப்போ இந்தக் காகிதத்தைக் கையில குடுக்கறேன். அழுவாரு பாரேன், பெரிய குழந்தை."

சரி என்றேன். ஞாயிறு முழுக்க அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் கரண்டி. அவருக்கு ஒரு நிமிஷம் போதும். கருகிய வெண்ணெய், தைம், பால், மீன், நட்சத்திரம், கொல்லையில் காளான் கூடை என்று ஒவ்வொன்றாக அவர் நினைவில் வரும். பிறகு கரண்டியைக் கவிழ்த்து வைப்பார். திட்டமாட்டார். என்னை நிமிர்ந்து பார்ப்பார். ஒருவேளை பாவம் என்றுகூட நினைப்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. வேலை போவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கும்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், தீயணைப்புத் துறை அறிக்கையில் இருக்கிறது. ஞாயிறு மாலை வழக்கம்போல் எலும்புச் சாறு சின்னத் தணலில் வைக்கப்பட்டது. ராத்திரி எப்போதோ பொங்கி வழிந்து தணலை அணைத்துவிட்டது. எங்கள் பெரிய வார்ப்பிரும்பு அடுப்பை நாங்கள் பியானோ என்போம். அது பழையது, தணல் அணைந்தால் தானாக கேஸை மூடும் வசதி கிடையாது, செஃபுக்கு அதை மாற்ற மனமில்லை. திங்கள் காலை மதாம் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது அவர் தனியாகச் சமையலறைக்குள் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். நான் தெருவிலிருந்து கொல்லைக் கதவு வழியாக நேராகப் பின்னால் வந்தேன், உள்ளே போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வெடிச் சத்தம் கேட்டபோது கையில் இறால் கூடை இருந்தது. அதை நான் கீழே போடவில்லை என்பதை அதிகாரி குறித்துக்கொண்டார்.

மதாம் அந்த வைத்தியர் மேல் வழக்குப் போட்டார். கேஸ் நாற்றம் தெரிகிற எந்த மனிதனும் தீக்குச்சியைக் கிழிக்கமாட்டான், ஆகவே அந்தக் காகிதம் பொய் என்பது அவர் வாதம். யாராலும் அதை மறுத்துப் பேச முடியவில்லை. வைத்தியர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று கேள்வி. காப்பீட்டுப் பணத்தில் வீட்டைத் திரும்பக் கட்டினோம், மதாம் சமையலறையை என்னிடம் ஒப்படைத்தார். ஞாயிறு மதியம் வந்து சாப்பிடுகிறார், பாதியை வைத்துவிடுகிறார். என் சமையல் துணிச்சலானது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள்.

நடந்ததில் அறிக்கையில் இல்லாதது கொஞ்சம்தான். ஞாயிறு பானையில் வழக்கத்தைவிட இரண்டு விரல் அதிகமாகத் தண்ணீர் இருந்திருக்கலாம். எனக்கு நினைவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு நான் சமையலறைக் கதவு வழியாகத்தான் வந்தேன். சாறு வழிந்து பியானோ மேல் காய்ந்திருந்தது. தணல் இல்லை. கேஸ் குமிழ் திறந்தபடி இருந்தது. அதை மூடக் கையை நீட்டியபோது மாடிப்படியில் செஃபின் காலடி கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஃபிர்மான், கேஸ் நாத்தம் வருதே."

நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் வரலையே செஃப்."

அவர் போய் ஆற்றுப்பக்க ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து மறுபடி மோந்து பார்த்தார், இருமினார்.

"பலமா வருதுடா. நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். சத்தியமா எனக்கு எந்த வாசனையும் இல்லை."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். "பாவம்டா நீ. இந்தக் கிழவன் மூக்குக்குப் பதில் சொல்லியே உனக்கு நரைச்சுப்போச்சு."

"பிறந்த நாள் அதுவுமா அப்படியெல்லாம் பேசாதீங்க."

"சரி, நீ சொன்னா சரி. பியானோவைப் பத்த வைக்கட்டுமா?"

"வைங்க செஃப். நான் கொல்லைல போய் இறாலை எடுத்துட்டு வந்துடறேன்."

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. வாசனை வருகிறதா என்று கேட்டார், எனக்கு வரவில்லை, வரவில்லை என்றேன். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். குமிழைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி அலமாரியில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். திறந்த ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று சில்லென்று அடித்தது. இரண்டு நாளாக அவருக்கு இருமல், அந்தக் காற்று ஆகாது. ஜன்னலைச் சாத்தி, கொக்கியையும் போட்டுவிட்டுத்தான் வெளியே போனேன். உங்கள் புத்தகத்தில் வேறு எது விட்டுப்போனாலும் பரவாயில்லை, கடைசி வரை அவரை நான் நன்றாகக் கவனித்துக்கொண்டேன் என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.